வந்தி வீடு எந்தத் தெருவில்?



மார்கழி பிறக்கிறது என்றால் நம் வீடுகளில் என்னென்ன நடக்கும்? முதல் நாள் இரவே வாசலைக் கழுவிவிட்டு, கோலமாவு டப்பாவை நிலைப்படி ஓரமாக எடுத்து வைப்போம். பூக்காரம்மாவிடம் பூசணிப்பூவுக்குச் சொல்லி வைப்போம். அலாரத்தை நாலரைக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவோம், இல்லையா?

2023-ஆம் ஆண்டு மார்கழி முதல் தேதி, டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நெல்லைச் சீமையிலும் தூத்துக்குடிப் பக்கமும் அன்று விடியும்போதே மழை. மறுநாள் காலை, தாமிரபரணிக் கரையோரம் எத்தனையோ ஊர்களில் கோலம் போட வாசலே இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்துவிட்டது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்தக் கடலோரப் பூமி ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கிற மழையைவிட அதிகம், ஒரே நாளில்! வாழைத் தோட்டம், உப்பளம், ஆடு மாடு, பீரோவில் இருந்த பட்டுப்புடவை, பரணில் இருந்த கொலு பொம்மை என்று ஒன்றையும் வெள்ளம் விட்டு வைக்கவில்லை.

இந்த வெள்ளத்தைப் பற்றி இப்போது எதற்கு எழுத வேண்டும்? அதற்கு முதலில் என் அத்தையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் சிவகிரி. ஈரோட்டுப் பக்கமும் ஒரு சிவகிரி உண்டு. நான் சொல்வது தென்காசி மாவட்டத்துச் சிவகிரி. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே இருக்கும் பழைய ஜமீன் ஊர். திரௌபதியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவும், கூடாரப்பாறை மேல் நிற்கிற பாலசுப்பிரமணியரும் அந்த ஊருக்குப் பெருமை. அத்தைக்கு அந்தப் பாலசுப்பிரமணியர்தான் எல்லாம். கல்யாணமாகி வந்த வருஷம் தொடங்கிய மாதக் கிருத்திகை விரதத்தை அவர் ஒரு மாதம்கூட விட்டதில்லை. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர். சாயங்காலம் படியேறிக் கும்பிட்டு இறங்கி வந்து ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம். மகள் கல்யாணம் கிருத்திகையன்று அமைந்தபோதுகூட, ஊருக்கெல்லாம் இலை போட்டுப் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் சாயங்காலம் வரை வெறும் வயிற்றோடு இருந்தவர். இந்த விரத விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

வெள்ளச் செய்தி வந்ததும் அத்தையும், திருப்புகழ் வகுப்புப் பெண்களுமாகச் சேர்ந்து தெருத் தெருவாகப் போய்ப் பொருள் திரட்டினார்கள். விஷயம் கேள்விப்பட்டு நானும் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தேன். பத்திரிகைக்காரியாயிற்றே, கேமராவோடுதான்!

அத்தை வீட்டுத் திண்ணையில் துணி மலைபோலக் குவிந்திருந்தது. அத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டார். சாயம் போனது, ஓரம் கிழிந்தது, பின் குத்திக் குத்தி ஓட்டை விழுந்தது. "ஏன் அத்தை, இல்லாதவங்களுக்கு இது உதவாதா?" என்று கேட்டேன்.

"இல்லாதவங்க இல்லட்டி அவங்க. போன வாரம் வரைக்கும் நம்மளைப் போல எல்லாம் இருந்தவங்க" என்றார் அத்தை.

எனக்குத் திருவீழிமிழலை நினைவுக்கு வந்தது. நாட்டில் கடும் பஞ்சம் வந்தபோது அப்பர் பெருமானும் ஞானசம்பந்தப் பெருமானும் அந்தத் தலத்தில் தங்கி, அடியார்களுக்குச் சோறு போட்டார்கள். வீழிநாதர் தினமும் பலிபீடத்தில் ஆளுக்கொரு பொற்காசு வைப்பார். அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு தயாராகிவிடும். சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று விசாரித்தால், சம்பந்தருக்குக் கிடைத்த காசு கொஞ்சம் மாற்றுக் குறைவு. கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டுதான் அரிசி பருப்புக் கொடுத்தார். அப்பர் தினமும் உழவாரப்படை பிடித்துக் கையால் உழைத்தவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். பிறகு சம்பந்தர் பாடி முறையிட்டு நல்ல காசு பெற்றார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. காசு மாற்றுக் குறைந்தால், அன்று பசித்து உட்கார்ந்திருந்த அடியார்தானே காத்திருக்க வேண்டியிருந்தது? நாம் கொடுக்கிற பொருளும் அப்படித்தான். கிழிந்த புடவையை வாங்கியவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நாடே உருகிப் பொருள் அனுப்பியது. கூடவே லாரி லாரியாகப் பழந்துணியும் வந்து இறங்கி, யாரும் தொடாமல் சாலையோரங்களில் கிடந்து மழையில் நனைந்து மக்கியது. மீனவப் பெண்கள் கட்டாத உடைகளும், யாருமே கட்ட முடியாத உடைகளும் அதில் இருந்தன. தில்லியிலிருந்து இயங்கும் கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அப்படித் தேங்கிக் கிடந்த துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்துகிற வேலையில் இறங்கியது. அந்தக் கூஞ்ச் அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. அவர்களுடைய வழக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். துணியைச் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் ஊருக்கே ஒரு சாலையைச் சீர் செய்கிறார்கள், ஒரு குளத்தைத் தூர் வாருகிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணி கிடைக்கிறது. வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் அத்தை சிரித்தார். "நம்ம சொக்கநாதர் செஞ்சதுதானட்டி இது!" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை.

கடைசியில் மூட்டையில் ஏறியவை: புதுப் புடவையும் அளவு பார்த்துத் தைத்த ஜாக்கெட்டும் உள்பாவாடையும், நைட்டி, துண்டு, பாய், போர்வை, பெண்களுக்கான நாப்கின், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு. விளக்குமாறைப் பார்த்து நான் சிரித்தேன். வெள்ளம் வடிந்த வீட்டைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

டிசம்பர் 23 வைகுண்ட ஏகாதசி. மறுநாள் துவாதசியன்று காலையில் ஒரு குட்டியானையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு வாசலிலிருந்தே ஒரு கும்பிடு. நெல்லையில் அத்தை வண்டியைக் குறுக்குத்துறைக்கு விடச் சொன்னார்.

குறுக்குத்துறை முருகனைப் பார்த்திருக்கிறீர்களா? தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் முழுகும். வெள்ளத்தைத் தடுத்து நிற்காமல் இரண்டாகப் பிரித்து அனுப்பும்படி, நீர் வரும் பக்கத்தைப் படகின் முனைபோல அமைத்திருக்கிறார்கள் முன்னோர்கள். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரைக் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். உண்டியலும் கூடவே போகும். பாறையில் வடித்த மூலவர் மட்டும் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வடிந்ததும் சேற்றை அள்ளிப் போட்டு, கழுவிவிட்டு, வழக்கம்போல் பூஜை. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் இதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள்.

படித்துறையில் இன்னும் சேற்று வாடை. வேரோடு வந்த செடி கொடிகள் தூண்களைச் சுற்றிக் கிடந்தன. அத்தை கரையில் நின்றபடியே கும்பிட்டார். எனக்கு என்னவோ, மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குடும்பங்களைப்போல சுவாமியும் வீட்டை விட்டுவிட்டு மேலே போய்த் தங்கியிருக்கிறார் என்று தோன்றியது. அவருக்குச் சேறு அள்ள ஊரே வரும். மற்ற வீடுகளுக்கு?

ஸ்ரீவைகுண்டம் போகும் வழியெல்லாம் பேச்சு அந்த ரயிலைப் பற்றித்தான். உங்களுக்கும் நினைவிருக்கும். டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போக முடிந்தது. மற்றவர்கள் நாலாபக்கமும் வெள்ளம் சூழ ரயிலிலும் ஸ்டேஷனிலுமே மாட்டிக்கொண்டார்கள். பால் பாட்டிலுக்கு வெந்நீர் இல்லை, மருந்து இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மீட்புப் படையினர் வந்து எல்லோரையும் கரை சேர்த்தது 19-ஆம் தேதி. அதுவரை அவர்களைப் பட்டினி கிடக்க விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். அவர்களும் அதே மழையில் நனைந்தவர்கள்தான். தங்களிடம் இருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து உலை வைத்தார்கள். முன்பின் தெரியாத கூட்டத்துக்குப் பொங்கிப் போடும்போது, நாளைக்குத் தங்கள் பானையில் என்ன இருக்கும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

சிவகிரியில் பூக்குழி இறங்குகிற பெண்கள் கும்பிடுகிற பாஞ்சாலியும் இப்படித்தானே? நாடிழந்து வீடிழந்து காட்டில் கிடந்தவள். வந்த முனிவர்களுக்கெல்லாம் அட்சய பாத்திரத்தில் பரிமாறி, கடைசியில் தான் சாப்பிட்டவள். நிவாரண முகாம்களிலும் அதைத்தான் பார்த்தேன். பொட்டலம் வந்தால் குழந்தைக்கு, பிறகு மாமனாருக்கு, பிறகு வீட்டுக்காரருக்கு. கடைசிக் கவளம் அம்மாவுக்கு. அட்சய பாத்திரத்தைக் கொடுக்கத்தான் அங்கே யாரும் இல்லை.

எங்கள் வண்டி நின்ற ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆற்றங்கரையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வாசலில் மூட்டைகளை இறக்கினோம். ஐந்தே நிமிடத்தில் வரிசை வந்துவிட்டது. திடகாத்திரமான இளைஞர்கள் முன்னால், குழந்தையை இடுக்கிய பெண்கள் அவர்களுக்குப் பின்னால். நானும் உற்சாகமாகக் கேமராவை எடுத்தேன். அத்தையிடமிருந்து புடவையை வாங்கிய ஓர் அம்மா, வெளிச்சம் பளிச்சிட்டதும் சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "முகத்தைக் காட்டுங்கம்மா, நல்லா வரும்" என்றேன்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புடவையைத் திரும்ப அத்தை கையில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. "அந்தப் பெட்டியை உள்ள வையுட்டி" என்றார், அவ்வளவுதான். பிறகு அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போய், திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, புடவையைத் தாம்பூலத்தட்டில் வைக்கிற மாதிரி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அந்தத் திண்ணையில்தான் கடைசி வீட்டு ஆச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். ஆச்சிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. முழங்கால் வலி. வரிசையில் வந்து நிற்க முடியாது. நாங்கள் வருவதற்கு முன்னால் நான்கு வண்டிகள் வந்து போயிருந்தன. நான்கிலிருந்தும் ஆச்சிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. யாரும் மறுத்ததில்லை. ஆச்சி வீடு தெருக் கோடியில், சேறு அதிகமாக நிற்கிற இடத்தில், அவ்வளவுதான் காரணம்.

சொக்கநாதர் செய்தது என்று அத்தை சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதுரையில் வைகை பெருக்கெடுத்த கதையை எத்தனை முறை கேட்டிருப்போம்! மாணிக்கவாசகரை அரிமர்த்தன பாண்டியன் வருத்தினான், ஆறு பொங்கியது, கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஆளுக்கு இவ்வளவு என்று கரையை அடைக்க வேண்டும் என்று மன்னன் ஆணையிட்டான். யோசித்துப் பாருங்கள், அது ஒன்றும் அநியாயமான உத்தரவு இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. ஆனால் வந்தி வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிற ஒற்றைக் கிழவி. எல்லோருக்கும் சமமான சட்டம் அவள் வாசலில் மட்டும் இரண்டு மடங்காக வந்து நின்றது. இன்றைக்கும் அப்படித்தானே? வரிசை எல்லோருக்கும் பொது; முழங்கால்தான் ஆளாளுக்கு வேறு!

சொக்கநாதர் நினைத்திருந்தால் வெள்ளத்தையே வற்றடித்திருக்கலாம். வந்திக்கு ஒரு பொற்கிழி அனுப்பியிருக்கலாம். அவர் என்ன செய்தார்? அழுக்குத் துணி கட்டி, தலையில் சும்மாடும் கூடையும், தோளில் மண்வெட்டியுமாக, "கூலிக்கு ஆள் வேணுமா?" என்று தெருவில் கூவிக்கொண்டே போனார். வந்தி, "கொடுக்கக் காசு இல்லையேப்பா, பிட்டுத்தான் இருக்கிறது" என்றாள். "உதிர்ந்த பிட்டு போதும்" என்றார். இந்த இடத்தைக் கவனித்தீர்களா? தானம் கொடுக்க வந்தவராக அவர் நிற்கவில்லை. வேலைக்காரராக நின்றார். வந்தியை எஜமானி ஆக்கிவிட்டார். தள்ளாத வயதில் யாருமில்லாமல் நின்றவள், ஓர் ஆளை வேலைக்கு வைத்துக் கூலி கொடுக்கிறாள்!

வேலையை ஒழுங்காகச் செய்தாரா என்றால், அதுதான் இல்லை. பிட்டைச் சாப்பிட்டார், ஆடினார், பாடினார், மரத்தடியில் தூங்கினார். மன்னன் பொற்பிரம்பால் அடிக்க, அந்த அடி மன்னன் முதுகு உள்பட எல்லா உயிரின் முதுகிலும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டினார், கரை அடைபட்டது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவின்போது பிட்டுத்தோப்புக்குச் சுவாமி எழுந்தருளுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அத்தையும் வகுப்புப் பெண்களும் அன்று ஆச்சி வீட்டுச் சேற்றை வாரினார்கள். விளக்குமாறு எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. பாய், போர்வை, அரிசி எல்லாம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஆச்சி கேட்டது ஒன்றுதான். "எல்லாரும் வந்து குடுத்துட்டுப் போறீய. மறுபடி எப்ப வருவீய?"

சகோதரிகளே, நாம் யோசிக்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். வெள்ளமோ புயலோ வந்த முதல் வாரம் உதவி குவியும். சாம்பார் சாதம் மிஞ்சிப்போய்க் கொட்டுகிற இடங்கள்கூட உண்டு. டி.வி. காட்டுவதை நிறுத்தியதும் வண்டிகள் நின்றுபோகும். ஆனால் ஒரு குடும்பத்தின் நிஜமான கஷ்டம் ஆரம்பிப்பதே அப்போதுதான். தூத்துக்குடி, நெல்லையில் அதிகம் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், மற்ற தாலுகாக்களிலும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் 1,000 ரூபாயும் நிவாரணமாக அரசு அறிவித்தது. ரேஷன் கார்டுக்குத்தான் அந்தப் பணம். ஆச்சியின் கார்டு அலமாரியோடு ஆற்றில் போய்விட்டது. ஆதார் அட்டையும் அதே பையில்தான். நகல் எடுக்க எங்கே போவது, யார் அழைத்துப் போவது? கடைசியில் அடுத்த தெருவில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் உட்கார வைத்து இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனாள். மூன்று தடவை! சேலை கொடுத்த எங்களைவிட அந்தப் பெண்ணுக்குத்தான் புண்ணியம் அதிகம் என்று எழுதினால் அத்தை கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாம் சுவாமிக்கு வைக்கிற தாம்பூலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்கு அருகே இருக்கும் ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பக்கத்துக் கொடிக்கால்களில் வெள்ளம் புகுந்தது. வெற்றிலைக் கொடி ஒரு வாரத்தில் முளைத்துவிடுகிற கீரை இல்லை. அதற்கு முன்னால், 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. ஒரு தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்து வருஷத்துக்கு மேல்கூட ஆகும். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, தீபாவளி உண்டு, கடனுக்கு வட்டி உண்டு. நாமோ பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு, தேங்காய் விலை ஏறிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறோம்!

வேண்டுதல் வைக்கிறபோது 48 நாள், ஒரு மண்டலம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். உதவிக்கும் அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் என்ன? முதல் வாரம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மண்டலம் கழித்து, அதே ஊருக்கு, அதே குடும்பத்துக்கு ஒரு போன் போட்டு, "இப்ப என்ன வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். தையல் மிஷின் துரு ஏறிப் போயிருக்கும். பெண்ணின் பரீட்சைக்கு நோட்டுப் புத்தகம் இருக்காது. ஆட்டுக்குட்டி ஒன்று கிடைத்தால் போதும் என்பார்கள். சில வீடுகளில் எதுவும் வேண்டாம், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்பார்கள். மழைச் சத்தம் கேட்டாலே தூங்காமல் உட்கார்ந்திருக்கிற குழந்தைகளை நான் பார்த்தேன். அதற்கு எந்தப் பொட்டலத்தில் மருந்து இருக்கிறது?

அத்தை போன் போட்டார். பொங்கல் முடிந்ததும் ஒரு தடவை, மாசி மகத்தின்போது ஒரு தடவை. பக்கத்து வீட்டு போனில் ஆச்சி பேசுவார். முதலில் ஒன்றும் வேண்டாம் என்றவர், இரண்டாவது தடவை தயங்கித் தயங்கிச் சொன்னார். இட்லிக் கொப்பரையும் கிரைண்டரும் வெள்ளத்தில் போய்விட்டதாம். காலையில் இட்லி அவித்துத் தெருவில் விற்றுத்தான் இத்தனை வருஷம் ஓடியதாம். இதென்ன, வந்தி கதையோடு அப்படியே பொருந்துகிறதே என்று நினைக்காதீர்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கிற பாட்டிகளை எண்ணிப் பாருங்கள். இட்லி, ஆப்பம், பூக்கட்டு இந்த மூன்றில் ஒன்றுதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது.

பங்குனி பிறந்ததும் வகுப்புப் பெண்கள் மறுபடி பணம் சேர்த்து, பெரிய இட்லிக் கொப்பரை ஒன்றும், பழைய கிரைண்டர் ஒன்றைப் பழுது பார்த்தும், ஒரு மூட்டை இட்லி அரிசியும், உளுந்தும் வாங்கினார்கள். "இனாமா வேண்டாம் தாயி, கடனா எழுதிக்கிடுங்க" என்று ஆச்சி போனிலேயே சொல்லிவிட்டார். அத்தை எதுவும் எழுதவில்லை, எழுதிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னார். முருகா, இந்தப் பொய்யை மன்னித்துவிடு!

மறுபடி போனோம். இந்தத் தடவை கேமரா இல்லை.

ஆச்சி வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குப் பழுப்புக் கோடு இன்னும் இருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு முருகன் காலண்டர். கொப்பரையை மஞ்சள் குங்குமம் வைத்து அடுப்பில் ஏற்றினோம். மாவு முந்தின நாளே பக்கத்து வீட்டில் ஆட்டித் தயாராக இருந்தது. முதல் ஈடு வெந்து, ஆவி பறக்க, ஆச்சி வாழையிலை நறுக்கில் நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்து அத்தை முன்னால் நீட்டினார்.

அன்று பங்குனி மாதக் கிருத்திகை.

எனக்குத் திக்கென்றது. "ஆச்சி, அத்தை இன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அத்தை என் கையை அழுத்திப் பிடித்தார். ஆச்சி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய இலை லேசாக நடுங்கியது. "கடனுக்கு இது முதல் தவணை தாயி. நீங்க வாங்கிக்கிடலேன்னா எனக்கு எப்படி?" என்றார்.

அத்தை கூடாரப்பாறை இருக்கிற மேற்குத் திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையை மடியில் வாங்கிக்கொண்டார். நான்கு இட்லியையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆச்சி, இன்னும் ஒண்ணு வைங்க. சட்னி கொஞ்சம் கூட ஊத்துங்க."